மணல்மேட்டு விதிகள், மலையில்

பெப்ரவரி 7, வெள்ளி

தெளிந்த வானம். வாடைக் காற்று அடங்கிவிட்டது. ஜும்ஆவுக்குப் பின் மச்சான் தமது வேனைக் கழுவினார். நான் எனது துவிச்சக்கரவண்டியைக் கழுவினேன். எது அதிகம் பளபளக்கிறது என்பதில் கணவன் மனைவிக்கிடையே வாதம். தீர்ப்பு எனக்கே.

மலைநாட்டு விடுதியிலிருந்து பதில் வந்துவிட்டது. அடுத்த வெள்ளி முதல் ஞாயிறு வரை எங்கள் துவிச்சக்கரவண்டிக் குழுவின் ஐவருக்கும் இடமுண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. உச்சியிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் நீண்ட பாதையில் குழுவாக ஓட்ட வேண்டுமாயின், குழுத்தலைவி அதற்கு முந்தின நாள் அவர்களுடைய வழிகாட்டியின் முன்னிலையில் அப்பாதையை ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். தேறாவிடில் குழு முழுவதற்கும் சிறுவர் சரிவு மாத்திரமே.

தலைவி என்றால் நான். வேறு யார்?

அடுத்த தெருத் தையல்காரி மும்தாஜுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"நீ தேறாட்டி? அவ்வளவு தூரம் போய் சின்னப் புள்ளைகளோட சறுக்கீஸ் வெளாடுறதா நாங்க?"

"தேறுவேன்."

"ஒரு இன்ஷா அல்லாஹ்வாவது செல்லு புள்ள."

சொன்னேன். மச்சான் வேனுக்கடியிலிருந்து: "மலைக்கு ஏறினவன் எல்லாம் எறங்கித்தானே வாறான். அதுக்கும் ஒரு சோதினையா?" பதில் எழுதத் தகுதியற்ற கேள்வி.

பெப்ரவரி 9, ஞாயிறு

அஸருக்குப் பின் நுரைச்சோலை மணல்மேடு. அனைவரும் சமுகமளித்தனர்: மும்தாஜ், உடப்புக் கௌரி, தில்லையடி அக்கா தங்கை இருவர். அனல்மின் நிலையப் புகைபோக்கியை இடப்புறம் வைத்து ஏறி, கடலைப் பார்த்து இறங்குவது வழக்கம்.

புறப்படுமுன் விதிகளை மூவரையும் மும்தாஜையும் உரக்கச் சொல்லவைத்தேன். ஒன்று, டயரில் காற்றைக் குறை. இரண்டு, இறங்கும்போது உடலைப் பின்னே தள்ளு. மூன்று, முன் பிரேக்கைத் தொடாதே. இவை எவரிடமும் கேட்டுப் பெற்றவையல்ல. கற்பிட்டியில் பட்டம் விட வந்த வெள்ளைக்காரர் விற்றுச் சென்ற வண்டியை வைத்து, இதே மேட்டில், இதே தோளால் கற்றவை. மணல் முன்சக்கரத்தை விழுங்கும். விழுங்கினால் ஆள் பறப்பாள். ஆகவே பாரம் பின்னே. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளியை விட்டவள் நான். மிகுதிக் கல்வி யாவும் இவ்வாறே.

இன்று எவரும் விழவில்லை. மும்தாஜின் இறக்கம் அழகு. ஆயினும் கூச்சல் அதிகம்.

வெங்காயத் தோட்டத்திலிருந்து ஒருவர் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார். "ஏறுறீங்க, எறங்குறீங்க, திரும்பியும் ஏறுறீங்க. மேல என்ன தங்கச்சி ஈக்கி?"

மும்தாஜ், அவரை அண்ணனாக்கி: "மேல ஒண்டுமில்ல நானா. கீழ வாறதுதான் வேல."

நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அவள் முந்திக்கொண்டாள்.

பெப்ரவரி 12, புதன். போயா விடுமுறை

வெயில் கடுமை. கடைகள் பூட்டு. மும்தாஜ் ஐந்து சோடி உடுப்பையும் தைத்து முடித்துவிட்டாள்: முழங்கால் வரை மேற்சட்டை, கணுக்காலில் இறுகும் காற்சட்டை. சங்கிலியில் சிக்காது. மணல்மேட்டில் என் அபாயா ஒருமுறை சங்கிலிக்குள் போய், கத்தரிக்கோல் வந்தே மீட்சி.

கொண்டு செல்வன: வண்டி (என்னுடையது மட்டும், மற்றவர்க்கு விடுதி வண்டி). பம்ப். முழங்கால் முழங்கைக் கவசம். குளிருக்கு ஸ்வெட்டர், மச்சானுக்கும். பாண், மாசிச் சம்பல், அவித்த முட்டை. தொழுகைப் பாய். வலிக்குத் தைலம். தலைக்கவசத்தின் கீழ் ஸ்காஃப் கட்ட நாடா, ஊசி கூடாது. இதை அனைவருக்கும் இருமுறை அறிவித்தேன்.

கௌரி தொலைபேசியில்: "அக்கா, எனக்கு உள்ளுக்குள்ள பயமாக் கிடக்கு. மலையெல்லாம் நான் பஸ்ஸிலதான் பாத்திருக்கிறன்."

"மணலில் இறங்கியவளுக்கு மலை ஒரு பொருட்டல்ல" என்றேன். அவ்வாறே நம்புகிறேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

சுபஹுக்குப் பின் புறப்பாடு. குருநாகலில் தேநீர். மச்சானின் ஜும்ஆவுக்காகக் கண்டியில் தரிப்பு. அதன்பின் வளைவுகள். தங்கைக்காரி இருமுறை வாந்தி. மாசிச் சம்பலின் மணம் வேனை விட்டு இனி இறங்காது என்பது மச்சானின் கவலை.

விடுதி: சுத்தம். குளிர்: எழுத்தில் அடங்காது. தொழுவதற்கு இடம் கேட்டேன். வண்டிக் கொட்டகைக்குப் பக்கத்து அறையைக் கூட்டித் தந்தார்கள். நன்றி.

வழிகாட்டியின் பெயர் செல்வி. இந்தத் தோட்டத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். பேச்சு குறைவு, சூயிங்கம் அதிகம். நாளை பிற்பகல் என்னைச் சோதிக்கப் போவது இவள்தான். "இருட்டுறதுக்குள்ள ஒரு தடவ பாதி வரைக்கும் எறங்கிப் பாக்குறீங்களாக்கா?" என்றாள். இறங்கினேன்.

முதல் வளைவு நன்று. இரண்டாவது நன்று. மூன்றாம் வளைவு, தேயிலை இருபுறமும் நெருங்கும் இடம்: முன்சக்கரம் வெளிப்புறமாகச் சறுக்கிற்று. வண்டி ஒரு பக்கம், நான் தேயிலைச் செடிக்குள். தேயிலைத் தண்டு கம்பிக்குச் சமம் என்பதை அறிந்தேன்.

"அடி பட்டிருச்சா?"

"இல்லை. நிலம் ஈரம்."

அவள் குனிந்து நிலத்தைத் தொட்டுப் பார்த்தாள். மென்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் யோசித்தேன். சறுக்கினால் காரணம் ஒன்றே: காற்று மிகுதி. மணல்மேட்டில் அதுதான் முதற் பாடம். கொட்டகைக்குச் சென்று என் வண்டியிலும் நாளை மற்றவர் ஓட்டவிருக்கும் நான்கிலும், விரலால் அமுக்கினால் உள்ளே போகுமளவுக்குக் காற்றை இறக்கினேன். எவரையும் கேட்கவில்லை. தலைவிக்குள்ள கடமை.

தோள் சற்று நோகிறது. தைலம்.

பெப்ரவரி 15, சனி

பனிமூட்டம், பின் வெயில். இந்நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை. என் நால்வரும் சிறுவர் சரிவில் பயிற்சி. நான் ஓரத்தில் நின்று மேற்பார்வை. செல்வி கீழே. முதலில் அக்கா தங்கை. அவர்கள் பாதிவழியில் ஒரு கல்லைத் தாண்டும்போதே இருவர் டயரும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சப்பென்று உட்கார்ந்துவிட்டன. செல்வி ஓடி வந்து டியூபை உருவினாள். அருகருகே இரண்டு சிறு ஓட்டைகள்.

"பாம்பு கடிச்ச மாதிரி இருக்கு பாருங்க. காத்து இல்லாட்டி டியூபு கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல மாட்டிக்கிரும். நேத்து நான் அடிச்சுத்தானே வச்சேன். யாரு காத்த எறக்குனது?"

நால்வரும் என்னைப் பார்த்தனர். அக்கணம் எவருடைய விசுவாசமும் எனக்கு உதவவில்லை.

"நான்" என்றேன். "அது எமது வழமை."

செல்வி வேறு இரண்டு வண்டிகள் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் காற்றடித்தாள். அடுத்து வளைவு. தங்கை விழுந்தாள். அக்கா விழுந்தாள். கௌரி விழுந்தாள். மும்தாஜ் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து விழுந்தாள். ஒரே வளைவு, ஒரே பக்கம். கை விறைத்து நீட்டியபடி, ஆள் ஆசனத்துக்கும் அப்பால் பின்னே தொங்கியபடி, நால்வரும் ஓரச்சில் வார்க்கப்பட்டவர்கள் போல. ஒவ்வொருவர் விழும்போதும் நேற்று மாலை நான் விழுந்ததையே வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் இலேசாகி, நிலத்தைத் தொட்டும் தொடாமலும் போய், வெளியே வழுக்குகிறது. நிலம் காய்ந்து கிடந்தது.

செல்வி சூயிங்கம் மெல்வதை நிறுத்தினாள். "எல்லாரும் ஒரே ஆளுகிட்டயா பழகுனீங்க?"

மும்தாஜ் தேயிலைக்குள் மல்லாந்தபடி கையை நீட்டினாள். "ஓம் தங்கச்சி. அந்தா நிக்கிறா."

செல்வி சிரித்தாள். கௌரி சிரித்தாள். வேனில் சாய்ந்து நின்ற மச்சானும் சிரித்தார். அதைப் பிற்பாடு கவனிப்பேன்.

நான் கீழே இறங்கிச் சென்று கேட்டேன்: "முன்சக்கரத்துக்குப் பாரம் வேண்டுமா?"

"வேணும்க்கா. மணல்ல பாரம் குடுத்தா பொதஞ்சிரும், நீங்க சொல்றது சரிதான். இது கெட்டி மண்ணு, பொதையாது. பாரம் குடுத்தாத்தான் புடிக்கும். முன்னாடி பிரேக்கும் லேசா வேணும், ஒத்த விரல்ல."

சரியான காரணம் சொன்னால் ஏற்பதில் எனக்கு எக்காலத்திலும் தயக்கமில்லை. நால்வரையும் எழுப்பி நிறுத்தி அறிவித்தேன்: "விதிகள் மூன்றும் மணலுக்கு நிலைக்கும். மலைக்கு மூன்றும் மாற்றப்படுகின்றன. காற்று, செல்வி அடித்தபடி. மார்பு முன்னே. முன் பிரேக்கில் ஒரு விரல்."

மும்தாஜ்: "அப்ப இவ்வளவு நாளும் நாங்க மனப்பாடம் பண்ணினது?"

"நுரைச்சோலையில் செல்லுபடியாகும்."

"மாஷா அல்லாஹ். பாராளுமன்றத்துல ஈக்க வேண்டிய ஆள்."

அறிவு ஒரு நொடியில் ஒப்புக்கொண்டது, இடுப்பு ஒப்புக்கொள்ளவில்லை. வளைவு கண்ணில் பட்டதும் தானாகவே பின்னே ஓடுகிறது. லுஹர் வரை அதே சிறு வளைவில், சின்னப் பிள்ளைகளுக்கிடையில், திரும்பத் திரும்ப. ஒரு சிறுமி என்னை முந்திச் சென்று கையசைத்தாள். கையசைத்தேன். இறுதியில் ஓர் உபாயம் கண்டேன்: உடம்பை மறந்துவிட்டு, மோவாயைக் கைபிடிக்கு மேலே கொண்டுபோய் வைப்பது. மோவாய் போனால் மார்பு போகும். மார்பு போனால் இடுப்புக்கு வேறு வழியில்லை. நால்வருக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். செல்வி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "இது நல்லா இருக்கே, நானும் சொல்லிக்கிறேன்" என்றாள். எடுத்துக்கொள்ளட்டும்.

பி.ப. சோதனை. மச்சான் மட்டும் வந்து தலைக்கவச நாடாவை இழுத்துப் பார்த்தார். "பாத்துப் போங்க" என்றார். பகடி இல்லை. அதுவே பயத்தைத் தந்தது. இதுவரை எழுதிய தைரியம் யாவும் உண்மை. அந்த ஒரு நிமிடமும் உண்மை. நான் விழுந்தால் எனக்குத் தோல் போகும். அவர்கள் நால்வருக்கும் மலை போகும். கௌரி வீட்டில் எத்தனை பேரைச் சம்மதிக்கவைத்து வந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

உச்சி. கீழே பச்சை, அதற்கும் கீழே மேகம். பிஸ்மில்லாஹ். செல்வி பின்னே.

முதல் இரண்டு வளைவும் நினைவில்லை. மூன்றாவது. தேயிலை நெருங்கிற்று. இடுப்பு பின்னே ஓடப் பார்த்தது. மோவாய் என்று உரக்கவே சொன்னேன். முன்டயர் மண்ணைக் கடித்ததைக் கையால் உணர்ந்தேன். கடித்தது. பிடித்தது. திரும்பிற்று.

அதற்குக் கீழே, நேற்று நான் காணாத பகுதி: கற்கள் படிக்கட்டுப்போல் அடுக்கிய இறக்கம். பிரேக் பிடித்து நின்றேன். "பார்த்துவிட்டு வருகிறேன்" என்று வண்டியைச் சாய்த்து, நடந்து இறங்கி, எந்தக் கல் ஆடுகிறது எந்தக் கல் ஆடவில்லை என்று காலால் தட்டிப் பார்த்து, மறுபடி ஏறி வந்து, ஓட்டினேன். ஆடாத கற்களின் மேலாக. கால் ஊன்றவில்லை.

அடிவாரம். செல்வி வந்து நின்றாள். மென்றாள்.

"சரிக்கா."

"சரி என்றால்?"

"நாளைக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க."

"தேறிவிட்டேன் என்று கொள்ளலாமா?"

"ஆமாக்கா, தேறிட்டீங்க." சிரித்தாள். "ஆனா முன்னாடி நான் போறேன், கடைசியா நீங்க வாங்க. எவ விழுந்தான்னு கடைசியா வர்றவங்களுக்குத்தான் தெரியும்."

தலைவி கடைசியில் என்பது முதலில் தொண்டையில் நின்றது. தேநீரோடு இறங்கிவிட்டது.

பெப்ரவரி 16, ஞாயிறு

பனி. மூக்கு உணர்வற்று. இடத்தோள் நிறம் கத்தரிக்காய். மனநிலை மேன்மை.

இறங்கிவிட்டோம். ஐவரும். அடிவாரத்துத் தேநீர்க் கொட்டிலில் இருந்து எழுதுகிறேன். விரல் விறைப்பதால் எழுத்து கோணல்.

கௌரி இரண்டு இடத்தில் கால் ஊன்றினாள். தங்கைக்காரி கற்படிகளை நடந்தே கடந்தாள். அதற்கு என் அனுமதி உண்டு. அக்காக்காரி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகச் சொல்கிறாள். இதை விசாரிக்க வேண்டும்.

கடைசியில் வருவதன் பயனை ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முன்னே போகிறவள் பாதையைத்தான் காண்பாள். நான் நால்வரின் முதுகுகளையும் கண்டேன். மூன்றாம் வளைவில் ஒவ்வொரு முதுகாகத் தாழ்ந்து, முன்னே சாய்ந்து, தேயிலைக்குள் மறைந்து, மறுபுறம் வெளிப்பட்டது. மும்தாஜ் மட்டும் "மோவாய்! மோவாய்!" என்று மலைக்கே கேட்கக் கத்திக்கொண்டு போனாள். கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தனர். ஒருத்தி, "யாரப்பா அது மோவா?" என்று கேட்டது காதில் விழுந்தது. கண் கலங்கிற்று. குளிர்காற்று.

மச்சான் என் முன்னே தேநீரை வைத்து, உட்காராமல் நின்றார்.

"உங்கட மனிசி கடைசியாவா வந்தா எண்டு ஒருத்தன் கேட்டான்."

"என்ன சொன்னீர்கள்?"

"அவதான் மத்த ஆக்களக் கொண்டு வந்தவ எண்டேன்."

இதற்கு விடையாக ஒரு நல்ல வாக்கியம் அமைக்க முயன்றுகொண்டிருக்கிறேன். வெளியே மேலே போகும் ஜீப் வண்டியில் நால்வரும் ஏறிவிட்டனர். மும்தாஜ் தலைக்கவசத்தோடு எட்டிப் பார்க்கிறாள்.

"புள்ள, இன்னொருக்கா ஏத்துறாங்களாம்! வாறியா, இல்லாட்டி எழுதிக்கிட்டே ஈக்கப் போறியா?"

போகிறே...