குழாய்ப் படத்துக்கு மேல ரெண்டு கேள்வி

என்னங்க, வணக்கம். முதுகுவலி குறைஞ்சுதா? பாப்பா அழாம ஸ்கூலுக்குப் போறாளா? இந்த வெளிநாட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல, மேனேஜரைத் தவிர.

கண்ணுல பட்ட பட்டனையெல்லாம் அமுக்குற ஜென்மம் அது. நான் பார்த்துக்கற எங்க குழாய்க் கம்பெனி வெப்சைட்ல நட்சத்திரம் கொட்டணும்னு ஏதோ ப்ளகினை, அதான் சைட்டோட ஒட்டற குட்டி ப்ரோகிராமை, போட்டார், சைட்டே வெள்ளையாயிடுச்சு. இன்டர்நெட் கோளாறுன்னு எனக்கே பாடம் எடுக்கறார்! ப்ளகின்களை ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்த்து, அந்தச் சனியனைக் கண்டுபிடிச்சுத் தூக்கினேன்.

அப்புறம் புது முகப்புப் பக்கம் ஒண்ணு அமைச்சேன். எழுத்து எப்படி உட்காருதுன்னு பார்க்க, மனசுல வந்ததைத் தமிழ்ல அடிச்சு வெச்சிருந்தேன். நான் மாத்தறதுக்குள்ள அந்த மகராசன் அப்படியே வெளியிட்டுட்டார். குழாய்ப் படத்துக்கு மேல, கொட்டை எழுத்துல: "என்னங்க, சாப்பிட்டீங்களா? பாப்பா தூங்கிட்டாளா?" இங்க ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது; அவர் அதைப் பூ வேலைப்பாடுன்னு நினைச்சு, பிரமாதம்னு பாராட்டு வேற! ஒரு வாரமா ஒரு ஆளும் என்னன்னு கேட்கல. தூ, இதெல்லாம் ஒரு கம்பெனி.

தலைகாணி உறை ரெண்டு அனுப்புங்க. உங்க பழைய சட்டையில தைச்சதா இருந்தா நல்லது.

மேனேஜர் வர்றார், முடிக்கிறேன். அந்த வரியை நான் இன்னும் எடுக்கல. அந்தப் பக்கத்துக்குக் கீழ கருத்து எழுதற பெட்டி திறந்துதான் இருக்கு. சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கேன்ல, அதுலயே பதில் போடுங்க.