தேவாலயத் தரையில் நான் வரைந்த வரி

கராஜை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய வரைபடச் சுருளைப் பிரித்ததும் அந்தக் காலத்தில் நகலெடுத்த அமோனியா நெடி மூக்கில் ஏறியது. சுகர் லேண்ட் ஊர்த் தேவாலயத்தின் தரைப்படம். மூலையில் என் கையெழுத்து, குறுக்கே உன் சிவப்புக் கோடு. நீ இறந்துபோய் எட்டு மாதமாகிறது. நெடியால்தான் கண் கலங்கியதென்று மகளிடம் சொல்லிவைத்தேன்.

தொண்ணூற்றெட்டில் நாம் கட்டடப் படம் வரைந்த ஆபீஸுக்கு அந்த வேலை வந்தது. பாதிரியார் ஸ்பெயினின் பழைய பாணியைக் கேட்டார். கிறிஸ்தவ அரசர்களின் ஆட்சியில் தங்கிவிட்ட முஸ்லிம்கள், முதேஹர்கள், செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொடுத்த பாணி. "அடுத்தவன் ராஜ்யத்துல வரி கட்டிட்டு, அவனுக்கே சர்ச்சும் கட்டிக் குடுத்திருக்காங்க மாப்ள. நம்மள மாதிரி அந்தக் காலத்து எச்-ஒன் விசா" என்று சிரித்தாய்.

அந்தப் பாணி பற்றிய ஒரு புத்தகத்தில், கூரையின் ஓரமாக ஓடிய கொடி வேலைப்பாடு எனக்குப் பிடித்துப்போனது. அப்படியே தரை ஓட்டில் இறக்கினேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஓடு ஆர்டர் போவதற்கு முந்தின நாள் நீ படத்தைப் பார்த்தாய். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாய்.

"இது கொடி இல்லடா, எழுத்து. ஆட்சி அல்லாஹ்வுக்கேன்னு அரபில இருக்கு. இதைப் போய் மிதிக்கிற இடத்துல வச்சிருக்கியே."

தப்பு என்னுடையது, கோபமும் எனக்குத்தான் வந்தது. "டிசைன்தானே பாய், யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. உன் கிரீன் கார்டு பேப்பர் முதலாளி மேசையில் கிடந்தது. மதப் பிரச்சினை கிளப்புகிறான் என்று அவர் நினைத்துவிட்டால் நீ மூட்டை கட்ட வேண்டியதுதான். நீ சண்டை போடவில்லை. "எனக்குத் தெரிஞ்சிடுச்சே மாப்ள" என்று மட்டும் சொல்லிச் சிவப்புப் பேனாவை எடுத்தாய்.

மறுநாள் முதலாளியோடு பாதிரியார் முன்னால் உட்கார்ந்தோம். தப்பை நானே சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது என்று பாதிரியார் உன்னைக் கேட்டார். நீ சொன்னாய். ஞாயிறுதோறும் ஜெபத்தில் 'ஆட்சி உமக்கே' என்று தானும் அதைத்தான் சொல்வதாகவும், கூரையில் இருந்ததைக் கூரைக்கே கொண்டுபோகும்படியும் சொன்னார். முதலாளியும் தலையாட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பார்க்கிங் லாட்டில் யாருடைய கார்க் கதவையோ உன்னுடையதென்று திறக்கப் பார்த்தாய். பிறகு சிரிக்க ஆரம்பித்து, ஃப்ரீவேயில் நாம் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டோம். மறு வருடம் உனக்குக் கார்டு வந்தது.

உன்னை அடக்கம் செய்த இடத்தில் நினைவுக்கல்லைப் புல்லோடு புல்லாகத் தரையில்தான் பதிக்க வேண்டுமாம். உன் மனைவி அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார். கல் கடைக்காரர் காட்டிய மாதிரியில் உன் பெயருக்கு மேலே அரபியில் ஒரு வரி இருந்தது. எனக்கு அந்த மொழியில் தெரிந்தது ஒரே சொல், அன்று நீ படித்துக் காட்டிய அல்லாஹ். அது அந்த வரியில் இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன்.

காரணத்தைச் சொன்னதும் உன் மனைவி, "அவங்களும் இதைத்தாண்ணே சொல்லிருப்பாங்க" என்றார்.

இப்போது கல்லில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. அதை யாராவது மிதித்தால் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.