பேஸ் கிடாருக்கு ஒரு கால்

தங்கச்சி,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பூட்டுக்காரர் வந்தால் வாசல் பூட்டை மாற்றச் சொல். என் புருஷன் வந்து கெஞ்சினாலும் திறக்காதே, போலீசைக் கூப்பிடு.

நேற்று என் விலாவில் மிதித்துவிட்டு, "இனிமே கிடாரை மாட்டி வாசி, பாக்கலாம்" என்று சிரித்தான் அல்லவா? தோளில் மாட்டினால் கிடார் கட்டை விலாவில் இடித்து உயிர் போகிறது, உண்மைதான். அதனால் பேஸ் கிடாரின் அடியில் மைக் ஸ்டாண்டைத் திருகி, நிமிர்த்தி நிறுத்திவிட்டேன். என் உடம்பில் படாமல் தானே நிற்கிறது. கச்சேரிக்குக் கிளம்பிவிட்டேன்.

நீ சட்டியால் அவன் மண்டையைப் பிளந்தபோது நான் உன்னைத் திட்டியது பயத்தில்தான். கை வீங்கியிருந்தால் ஐஸ் வை.

பின்குறிப்பு: "போகாதேக்கா, செத்துடுவே" என்று அழுதாயே. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் காலையில் கிடாரின் தடித்த கம்பியை ஓங்கி அடித்துப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. இந்த முறை அடித்தவள் நான்.