போறணையில் சுட்ட காந்தம்

12 ஜூன் 1973, செவ்வாய்
காலையிலிருந்து காற்று. கூரைத் தகரம் படபடவென்று. மாத்தளை டவுன் முழுக்கத் தூசி.

யூனிவர்சிட்டி கம்பஸிலிருந்து பௌதிக லெக்சரர் சேர் எங்கள் மோட்டர் சுற்றும் கடைக்கு வந்தார். எங்களுக்கு வருவதெல்லாம் எரிந்துபோன தண்ணீர்ப் பம்ப் மோட்டர். இவர் கொண்டுவந்தது பழைய டிரான்ஸ்போமரில் கழற்றிய செம்புப் பட்டி. அதில் பன்னிரண்டு காந்தச் சுருள் வேண்டுமாம். கண்ணாடி வளையம் ஒன்று, உள்ளே வாயு. சூரியனுக்குள் இருக்கிற மாதிரி அதைக் கொதிக்க வைத்து, கண்ணாடியில் படாமல் காந்தத்தால் பிடித்து வைக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்க பெர்மிட் இல்லை. இந்தச் செம்பு கெட்டால் வேறு செம்பும் இல்லை, ஆராய்ச்சி அத்தோடு சரி.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். சுற்றுகிறவள் நான்தானே. திரைக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: “செய்யலாம்னு சொல்லுங்க.”

வாய் கொழுப்பு. இனித் தூக்கம் போச்சு.

14, வியாழன்
சுருளுக்குப் பூசும் வார்னிஷ் எங்கும் இல்லை. ஹபுவிட கிராமத்து அரக்கு வேலைக்காரரிடம் நிறம் போடாத அரக்கு வாங்கி, ஸ்பிரிட்டில் கரைத்தேன். செம்புக்குச் சுற்ற நாடாவும் இல்லை. வீட்டுக்காரர் இடுப்பில் கட்டும் பழைய கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்தாயிற்று. அவருக்குத் தெரியாது.

பலாக்கட்டை அச்சில் முதல் சுருள் சுற்றி, அரக்கில் முக்கி, பக்கத்துப் பேக்கரி நானாவின் போறணை அடுப்பில் வைத்தேன். பாண் எடுத்த கையோடு. பாணுக்குச் சரியான சூடு சுருளுக்கும் சரி என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. அரக்கு முழுக்க வழிந்து தட்டில் ஒட்டிக்கொண்டது. அடுத்த பாண் எல்லாம் ஸ்பிரிட் நாற்றம். கோதுமை மா கிடைக்காத காலத்தில் இது வேறு.

நானா கத்தவில்லை, அதுதான் மோசம். “தங்கச்சி, கியூவில நின்ன சனத்துக்கு நான் என்ன பதில் சொல்ற?”

பட்டியைப் பிரித்து நிமிர்த்தினேன். இன்னொரு தரம்தான் வளைக்கலாம். அதற்கு மேல் செம்பு கீறல் விட்டு வெடித்துவிடும். அழுகை வந்தது, அழுதேன்.

15, வெள்ளி
ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் போனபின் தேத்தண்ணீரும் ரஸ்க்கும். கடித்த வாயோடு நின்றுவிட்டேன். ரஸ்க்கை நானா பாண் சூட்டில் வைப்பதில்லை. நெருப்பை வாரிய பிறகு, அடங்குகிற சூட்டில் விடியும்வரை கிடக்கும். மெதுவாய்க் காய்ந்து கல் மாதிரி ஆகும். அரக்குக்கும் அதுதானே வேண்டும்!

நானாவிடம் கேட்கப் பயம். கேட்டேன். ரஸ்க் போடாத ராத்திரியில்தான், பாண் தட்டைத் தொடக்கூடாது என்றார்.

17, ஞாயிறு
அல்ஹம்துலில்லாஹ். அதே பட்டி, அதே சாரம், ரஸ்க் சூடு. நகத்தால் கீறினேன், கீறவில்லை. மின்கசிவு பார்க்கும் மெகர் வைத்துப் பார்த்தோம், ஒரு பொட்டுக் கசிவும் இல்லை. வீட்டுக்காரர் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டம் போட்ட துணியை எங்கேயோ கண்ட மாதிரி இருக்கிறதே என்றார்.

இன்னும் பதினொன்று. இடுப்பு விட்டுப்போகும். போகட்டும்.

30, சனி
கம்பஸ் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், நானா. கண்ணாடி வளையத்தைச் சுற்றி எங்கள் சுருள் பன்னிரண்டும், சாரம் உடுத்த மாப்பிள்ளைகள் மாதிரி.

சேர் சுவிட்சைப் போட்டார். டப் என்று ஒரு சத்தம். வளையத்துக்குள் ரோஜா நிற வெளிச்சம், கண் சிமிட்டும் நேரம். நடுவில் நின்றது, கண்ணாடியில் ஒட்டவில்லை! திரும்பத் திரும்பப் போட்டார். ஒரு சுருளும் எரியவில்லை.

யார் சுற்றியது என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னை முன்னால் தள்ளிவிட்டார். “இவதான் சேர். சாரம் மட்டும் என்னோடது.”

எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. நன்றாக இருந்தது.

1 ஜூலை, ஞாயிறு
காற்று இல்லை. பேக்கரி கியூவில் நானா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சூரியனை அவருடைய போறணையில்தான் சுட்டதாம். பாண் நாறியதைப் பற்றி மூச்சில்லை. நான் பாணை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

சேர் ஆள் அனுப்பியிருக்கிறார். இதைவிடப் பெரிய வளையமாம். வீட்டுக்காரர் மிச்சச் சாரங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார்.

சாவி எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியும்.