கண்டுகொள்ளாதவள்

காட்டூர்
6.7.2025

அன்புள்ள கிளிக்கு,

யமுனா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே. போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். நம்மோடு படித்த ஷரீபாவின் போனில் இருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய வழி இல்லை என்பதால் கவர் வாங்கி வந்தேன்.

எட்டு மாதம் ஆகிறது. ஆறாம் வகுப்பில் இருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், என்ன குற்றம் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாயே. உன் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் போனில் பேசினோமே, அதில் ஏதாவது தப்பாகச் சொன்னேனா? யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். நவநீதன் அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறாரா? உன் தையல் மிஷின் ஓடுகிறதா?

பேங்க் வேலையை விட்டுவிட்டு முப்பத்திரண்டு வயதில் எம்.எஸ்சி. சைக்காலஜி சேர்ந்தவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நீ ஒருத்திதான் "போடி, போய்ப் படிடி" என்றாய். இந்த செமஸ்டரில் புலன் உணர்வு, புலன் காட்சி என்று ஒரு பேப்பர். கண்ணும் காதும் வாங்கிக் கொடுப்பதை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் பாடம். முதல் வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு சின்னச் சின்ன டப்பாக்களைத் தூக்கி, எது கனம் என்று சொன்னோம். துளித் துளியாகக் கனம் கூட்டினால் ஓர் அளவு வரை கைக்குத் தெரிவதே இல்லை. நமக்குள் எப்போது கனம் கூடியது என்று எனக்கும் அப்படித்தான் தெரியவில்லை, கிளி. நீதான் சொல்ல வேண்டும்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு மன்னார்புரத்தில் நின்று பஸ் பிடிக்கிறேன், பழையபடிதான். திட்டியாவது ஒரு வரி போடு.

உன்
யமுனா

*

அம்மா மண்டபம் சாலை
ஸ்ரீரங்கம்
14.7.2025

யமுனா,

என்ன குற்றம் என்று கேட்டிருக்கிறாய். அப்படிக் கேட்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அவர் ஐ.சி.யூ.வில் இருந்தபோது சமயபுரத்தில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று மாமியார் சொன்னதால் உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வீடு திரும்பிய வாரமே போய், இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியை மொத்தமாக இறக்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவருக்கு மருந்து வாங்க மன்னார்புரம் வந்தேன். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றவள், பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்ததும் முந்தானையை எடுத்துவிட்டுக் கை காட்டினேன். உன்னிடம் எனக்கு என்ன வெட்கம்? நீ நேராக என் முகத்தைப் பார்த்தாய். ஊர் பேர் தெரியாதவளுக்குச் சிரிப்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தாய். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாய்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். நீ என்னைக் கண்டுக்கவே இல்லை. மொட்டைக்காரியோடு நின்று பேசுவது படிக்கிறவளுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் நன்றாக இருக்கிறார். மிஷினும் ஓடுகிறது.

செல்லக்கிளி

*

காட்டூர்
19.7.2025

கிளி,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். படித்து முடித்தும் உள்ளே போகத் தோன்றவில்லை.

சத்தியமாக அது நீ என்று எனக்குத் தெரியாது. போன வாரம் கேட்டிருந்தால் நானே இதை நம்பியிருக்க மாட்டேன். இந்தப் புதன்கிழமை வகுப்பில் மஹ்ஜபீன் மேடம் ஒரு சோதனை வைத்தார். முடி, காது, நகை எல்லாம் வெட்டி எடுத்துவிட்ட வெறும் முகப் படங்கள். ஒரு முகத்தைக் காட்டுவார்கள், பிறகு மூன்று முகங்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் டக் டக்கென்று பட்டனை அழுத்தினார்கள். நான் குத்துமதிப்பாக அழுத்தினேன். எல்லாரும் அப்படித்தான் அழுத்துகிறார்கள் என்று நினைத்தேன், கிளி! என் மார்க்கைப் பார்த்துவிட்டு மேடம், வீட்டு ஆல்பத்தில் இருந்து படங்கள் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அவற்றையும் அதே மாதிரி முகம் மட்டும் தெரிய மூடிக் காட்டினார். ஒரு படத்தைப் பார்த்து, "யாரோ ஒரு அம்மா, தெரியலையே மேடம்" என்றேன். அது என் அம்மா.

சிலருக்குப் பிறந்ததில் இருந்தே முகம் மனதில் நிற்காதாம். பார்வையில் குறை இல்லை. மூக்கு தெரியும், வாய் தெரியும், யாருடையது என்பது மட்டும் பிடிபடாது. குரலையும் நடையையும் முடியையும் வைத்து ஆளைத் தெரிந்துகொள்வதால் குறை இருப்பது அவர்களுக்கே தெரியாமல் காலம் ஓடிவிடுமாம். உன்னை நான் இத்தனை வருடம் எதை வைத்துக் கண்டுபிடித்தேன் தெரியுமா? உன் பின்னலை வைத்துத்தான். எவ்வளவு கூட்டத்திலும் அந்தப் பின்னலைப் பார்த்து வந்து சேர்ந்துவிடுவேன். அதை நீ சமயபுரத்தில் கொடுத்துவிட்டாய்.

கண்டுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நாம் கோபத்தில் சொல்லும் சொல் அது. என் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை. பேங்கில் 'திமிர் பிடிச்சவ' என்று பேர் வாங்கியதும் இதனால்தான் போலிருக்கிறது. ஆனால் அவ்வளவு கஷ்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்ததும் முந்தானையை எடுத்தாயே, அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

யமுனா

*

ஸ்ரீரங்கம்
25.7.2025

யமுனா,

இருபது வருஷமாகப் பார்த்த மூஞ்சி, மொட்டை போட்டால் மாறிவிடுமா? உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "படிக்கிற புள்ள, பொய்யா சொல்லும்?" என்றார். அவருக்கு யார் எதைச் சொன்னாலும் நம்பிக்கைதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பதில் போட வேண்டாம்.

செல்லக்கிளி

*

ஸ்ரீரங்கம்
9.8.2025

அடியே யமுனா,

பதில் போடாதே என்ற நானே எழுதுகிறேன். வியாழக்கிழமை மன்னார்புரம் வந்திருந்தேன். உன்னைச் சோதிக்கத்தான் வந்தேன்.

முடி இப்போது காதுக்குக் கீழே வளர்ந்திருக்கிறது. வேறு எதையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கு உன் பக்கத்தில் வந்து நின்றேன். நீ சிரித்தாய், அதே சிரிப்பு. பையை நகர்த்தி இடம் விட்டு, "திருவெறும்பூர் பஸ் போயிடுச்சாக்கா?" என்று கேட்டாய். அக்காவாம்! உன்னைவிட நான் மூன்று மாதம் சின்னவள். வாயைத் திறந்தால் குரலில் பிடித்துவிடுவாய் என்று இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். பூக்காரம்மாவுக்கும் சிரித்தாய், யாரோ ஒரு பெரியவருக்கும் சிரித்தாய், டீ குடிக்க இறங்கிய கண்டக்டருக்கும் சிரித்தாய். தெரிந்தவர் யாரையும் விட்டுவிடக் கூடாதே என்றுதான் எல்லாருக்கும் சிரித்து வைக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பஸ்ஸிலும் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். நீ நோட்டை மடியில் வைத்துக்கொண்டு 'அன்புள்ள கிளிக்கு' என்று எழுதினாய். அடித்தாய். 'கிளி, நீ வேண்டாம் என்றாலும்' என்று எழுதி அதையும் அடித்தாய். முழங்கை என்மேல் இடித்துவிட்டது. "சாரிக்கா" என்றாய். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. உன் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி ரோட்டோரம் நின்று அழுதேன். அப்புறம் ஒரு சோடா குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஒன்பது மாதம் வீணாய்ப் போயிற்று. அதில் பாதித் தப்பு என்னுடையது. அன்றைக்கே "ஏய் யமுனா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். ரோஷம் விடவில்லை.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா. அவர் மீன் வாங்கி வருகிறேன் என்கிறார். ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில் கூட்டமாகத்தான் இருக்கும். இறங்கி ஒவ்வொரு மூஞ்சியாகத் தேடிக்கொண்டு நிற்காதே. நான் கூப்பிடுகிறேன். நீ திரும்பினால் போதும்.

கிளி