சமையல்கட்டுச் சுவரில் ஒரு சல்லடைப் பலகை

நெய்வேலி
6-9-1976

சேசு மரி சூசை துணை

ரோஸி அப்பாவுக்கு,

தாயும் பிள்ளையும் சுகம். பேரன் நன்றாகப் பால் குடிக்கிறான். மூக்கு உங்கள் மூக்கு. அழுகை மட்டும் என்னுடையது, நாலு வீட்டுக்குக் கேட்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். மாப்பிள்ளைக்குப் பொங்கலுக்குப் பிறகு பெரிய குவார்ட்டர்ஸ் கிடைக்கப் போகிறதாம். ஒரு அறை கூடுதல். "அத்தை, மாமாவையும் இங்கியே வரச் சொல்லுங்க. வடக்குப்பட்டு வூட்டை வித்துடலாம். ரெண்டு பேரும் தனியா அங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்று தினம் கேட்கிறார். கிறிஸ்துமஸுக்குள் மனு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ரோஸிக்கும் அதே ஆசை.

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. பொய் சொல்வானேன்? பக்கத்து வீட்டு ரத்னா பொழுது விடிந்ததும் வந்துவிடுகிறாள். பேச்சு, சிரிப்பு, பகலெல்லாம் தெரிவதில்லை. உட்கார நாற்காலி இருக்கிறது. நம் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு டிரங்குப் பெட்டி, கை உடைந்த உங்கள் நாற்காலி. நாற்காலி கேட்டால் "மாற்றல் வந்தால் யார் தூக்குவது?" என்பீர்கள். முப்பத்தைந்து வருஷம் அதையே சொன்னீர்கள். ஓய்வு பெற்ற பிறகு உங்களை யார் மாற்றப் போகிறார்கள்?

சரி, நாற்காலியை விடுங்கள். பள்ளிக்கூடத்தில் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து செய்தித்தாளைப் பிரித்துவிடுவீர்கள். நான் சமையல்கட்டிலிருந்து பேசினால் முன்கட்டில் "உம்" என்று ஒரு சத்தம் வரும். அந்த "உம்"முக்குத் திரும்பி வர வேண்டுமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் முடிவை எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

லூர்தம்மாள்

*

வடக்குப்பட்டு
14-9-1976

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. மூக்கு விஷயத்தில் மிகவும் மகிழ்ச்சி. கோழிகள் நலம். கறுப்புப் பெட்டை மட்டும் உன்னைத் தேடுகிறது. தினம் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

மாதா திருவிழா நன்றாக நடந்தது. தேர் முடிந்ததும் வழக்கம்போலக் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். தென்னங்கன்று, சேவல், பூசணிக்காய் எல்லாம் போன பிறகு கோவிலின் பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டியை, நாமெல்லாம் பாவம் சொன்ன அந்த மரக் கூண்டை, நான்கு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். புதுச் சாமியார் இனி நேருக்கு நேர் உட்கார்ந்துதான் பாவசங்கீர்த்தனம் கேட்பாராம். கோவிலில் இடத்தை அடைக்கிறது என்று அதை ஏலத்துக்கு விட்டுவிட்டார்.

நல்ல தேக்கு. ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. முன்வரிசையில் யாரோ, "வாணாம்பா, நம்ம பாவம்லாம் அதுக்குள்ளதான் கீது" என்றதும் கூட்டமே சிரித்தது. சாமியாரின் முகம் வாடிவிட்டது. நான் கையைத் தூக்கினேன். போட்டிக்கு ஆளில்லை. தொட்டி இப்போது நம் வீட்டுப் பின்புறம், புளிய மரத்தடியில் இருக்கிறது.

நெய்வேலி விஷயம் யோசிக்க வேண்டியது. ஒரு கணக்கை மாணவன் அவசரமாகப் போட்டால் விடை தப்பும். அதை மறுபடி போடும் நேரத்தில் நிதானமாகவே போட்டிருக்கலாம். கொஞ்சம் பொறு.

என்றும் உன் நலம் கோரும்,
கிறிஸ்துதாஸ்

*

நெய்வேலி
22-9-1976

ரோஸி அப்பாவுக்கு,

உங்களுக்கு என்ன ஆயிற்று? ஊரார் பாவம் முழுவதையும் கேட்ட பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்! ரோஸியிடம் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அப்பா இனிமே ஊருக்குப் பாவமன்னிப்பு குடுக்கப் போறாரும்மா" என்கிறாள். ரத்னா நம் வேதக்காரர் இல்லை. அது என்ன என்று அவளுக்கு விளக்குவதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அந்தத் தொட்டியில் நானும்தான் முழங்கால் போட்டிருக்கிறேன். நான் சொன்னதெல்லாம் உங்களைப் பற்றித்தான். ஞாபகம் இருக்கட்டும்.

ரத்னா எனக்கு ஒரு கைவேலை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி, ஜெம் கிளிப்பின் மேல் இறுக்கிச் சுருட்டிப் பசை போட வேண்டும். காய்ந்ததும் மணி மாதிரி இருக்கிறது. ஒன்றோடொன்று கோத்து வாசலில் தொங்கவிட்டால் திரை. ரோஸி வீட்டு நடுவாசலுக்கு ஒன்று முடித்துவிட்டேன். காற்றடித்தால் சலசலவென்று சத்தம். மாப்பிள்ளை போகும்போதும் வரும்போதும் தலையில் மாட்டிக்கொண்டு முனகுகிறார். புது குவார்ட்டர்ஸுக்கும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு, மாணவன் எல்லாம் சரி. நான் உதாரணம் கேட்கவில்லை, விடை கேட்டேன்.

லூர்தம்மாள்

*

வடக்குப்பட்டு
4-10-1976

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

பத்திரிகை மணித் திரை பற்றிப் படித்து வியந்தேன். எத்தனை கல்யாணங்கள் அந்த வாசலில் தொங்குகின்றனவோ!

எனக்கும் இங்கே கைவேலைதான். தச்சர் கன்னியப்பன் மாலையில் வந்து ஒத்தாசை செய்கிறார். தொட்டியைப் பிரித்துவிட்டோம். மேலே பச்சைப் பெயின்ட், அதன் கீழே சாக்லெட் நிறம், அதற்கும் கீழே வார்னிஷ். உடைந்த கண்ணாடித் துண்டால் மரத்தின் போக்கிலேயே சுரண்ட வேண்டும். எதிர்ப் போக்கில் சுரண்டினால் சிராய் எழும்பும். மூன்றாம் வகுப்பில் சில பிள்ளைகள் அப்படித்தான். அவர்கள் போக்கில் போனால் எல்லாம் படிப்பார்கள். பிறகு உப்புத்தாள். முரடு முதலில், நைசு கடைசியில். நேற்று ஒரு பலகையில் தேக்கின் ரேகை முழுதாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கன்னியப்பன் நடுவில் இருந்த சல்லடைப் பலகையைக் கையில் எடுத்து, "சார், இதுல எந்தப் பக்கம் யாரு?" என்று கேட்டார். ஒரு பக்கம் சாமியார் உட்கார்ந்து கேட்பார், மறுபக்கம் வந்தவர் பேசுவார், முகம் தெரியாது, குரல் மட்டும் போகும் என்றேன். அவர் துளைகள் வழியே என்னை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்து ஆளு எழுந்து போவ முடியாதா?" என்றார். கேட்டு முடிக்கும்வரை முடியாது என்றேன். "எங்க வூட்ல இப்டி ஒண்ணு இருந்தா சண்டையே வராது சார்" என்று சொல்லிவிட்டு ஆணி பிடுங்கப் போய்விட்டார்.

இதை வைத்து என்ன செய்கிறேன் என்று இப்போது கேட்காதே. சாமான் வாங்க இரண்டு முறை வாலாஜாபாத் போய் வந்தேன். முடிந்ததும் எழுதுகிறேன். உன் கேள்விக்கும் அப்போதே பதில்.

உன்,
கிறிஸ்துதாஸ்

*

நெய்வேலி
15-10-1976

ரோஸி அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஞானம்மா கடிதம் வந்தது. உங்கள் கூடப்பிறந்த தங்கை, பொய் சொல்ல மாட்டாள். அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணி, மனசைத் திடப்படுத்திக்கோ. அண்ணன் வாலாஜாபாத்துக்கு எதுக்குப் போவுதுன்னு தெரிஞ்சிபோச்சி. மஞ்சப் பையில பாட்டிலை வச்சிக்கினு ஒரகடத்துல பஸ்ஸை வுட்டு எறங்குது. நாயித்துக்கெழமை பூசைல பக்கத்துல ஒக்காந்தேன். சட்டை, கையி எல்லாம் ஸ்பிரிட்டு நாத்தம். கண்ணு செவந்து கீது. சாமியார் பிரசங்கத்துல குடியைப் பத்தித்தான் பேசினாரு. அண்ணனைப் பாத்துப் பாத்துப் பேசினாரு."

மதுவிலக்கு அமலில் இருக்கிற ஊரில், வார்னிஷையும் ஸ்பிரிட்டையும் குடித்துக் கண் போனவர்கள் கதை செய்தித்தாளில் வருகிறதே, நீங்கள் படிக்காத செய்தித்தாளா?

ரோஸியிடம் இன்னும் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி. இரவெல்லாம் தூக்கமில்லை. பேச ஆளில்லாமல், தனிமையில் இந்தப் பழக்கம் வந்ததா? நான் இங்கே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் அங்கே இப்படியா? அப்படியென்றால் வீட்டை உடனே விற்றுவிடுவோம். நானே வந்து உங்களைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன். அந்த வீட்டில் உங்களை இனி ஒரு நாளும் தனியாக விட மாட்டேன்.

மறைக்காமல் எழுதுங்கள்.

லூர்தம்மாள்

*

வடக்குப்பட்டு
19-10-1976

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

முதலில் தண்ணீர் குடி. நான் குடிக்கவில்லை. என் கையும் சட்டையும் குடித்தன.

தேக்குக்குப் பிரெஞ்சு பாலிஷ் போட அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைக்க வேண்டும். கரைந்ததும், பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டு மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் மறுபடி. அந்த வாசனை மூன்று நாளைக்குப் போகாது. கண் சிவந்தது உப்புத்தாள் தூசியால். உன்னிடம் சொன்னால் ரகசியம் உடைந்துவிடும் என்று மறைத்ததுதான் வினையாகப் போயிற்று.

வாலாஜாபாத்தில், பெயின்ட் விற்கும் தணிகாசலம் கடையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிட் கேட்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னா சார், நீங்களுமா?" என்றார். பாலிஷுக்கு என்றேன். "எல்லாரும் அதான் சார் சொல்றாங்க" என்றார். அவர் மகனுக்கு நான்தான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். அந்த மரியாதைக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டு ஊற்றிக் கொடுத்தார்.

பிரசங்கம் என்னை நினைத்துத்தான் என்பது எனக்கு உன் கடிதம் வந்த பிறகே உறைத்தது. நல்ல பிரசங்கம் என்று பூசை முடிந்ததும் சாமியாரைப் பாராட்டிவிட்டு வேறு வந்தேன்! மறுநாள் மாலை அவரே வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே மோப்பம் பிடித்தார். உள்ளே வந்து மரத்தைப் பார்த்தார், தடவினார், பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பலகைக்கு அவரே பாலிஷ் போட்டுவிட்டுப் போனார். இப்போது அவர் அங்கியும் நாறுகிறது. ஞானம்மா அடுத்த ஞாயிறு யாருக்குக் கடிதம் எழுதுவாளோ!

இனி மறைப்பதற்கில்லை. சொல்லிவிடுகிறேன்.

தொட்டியின் கதவு உன் பாத்திர அலமாரியாகிவிட்டது. சாமியார் உட்கார்ந்த ஆசனம் கை வைத்த நாற்காலி. முழங்கால் போடும் பலகையை அறுத்துக் கால் வைத்தோம், நீ காய் நறுக்க உட்காரலாம். மிச்சத் துண்டில் மாதா படத்துக்கு ஒரு சட்டம். பழைய குடைத்துணியில் நாற்காலிக்கு மெத்தை நானே தைத்தேன். தையல் நேராக இல்லை, திருப்பிப் போட்டால் தெரியாது.

சல்லடைப் பலகையை மட்டும் சாமானாக்கவில்லை. சமையல்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரில், நீ அடுப்புக்கு முன்னால் நிற்கும் உயரத்தில், செங்கல்லைப் பெயர்த்து ஜன்னல் மாதிரி அதைப் பதித்திருக்கிறோம். இந்தப் பக்கம், அதை ஒட்டி, நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் செய்தித்தாள் பிரிக்க இடம் போதாது. பிரித்துப் பார்த்துவிட்டேன். சுவரில் இடிக்கிறது.

நேற்று சாதம் வடித்துவிட்டு, கோழியைச் சமையல்கட்டுக்குள் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். அது கொக்கரித்தது ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

நெய்வேலிக்கு விடை கேட்டாய். எத்தனையோ ஊர் மாறினோம், தூக்க முடியாத சாமான் எதுவும் நம்மிடம் இருந்ததில்லை. இதுதான் முதல். சுவரில் பதித்துவிட்டோம், பெயர்த்தால் உடைந்துவிடும். வீட்டை விற்றால் வாங்குகிறவருக்குப் போகட்டும், நல்ல பலகை, யாருக்காவது உதவும். உனக்கு அங்கே பிடித்திருந்தால் நான் வருகிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை, மனதாரவே எழுதுகிறேன். ஆனால் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், நீ அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும்.

கிறிஸ்துதாஸ்

*

நெய்வேலி
2-11-1976

ரோஸி அப்பாவுக்கு,

கடிதத்தை ரோஸிக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு, மறுபடி தனியாகக் குளிக்கும் அறையில் வைத்துப் படித்தேன். வெளியே வந்ததும் ரத்னா, "இன்னாக்கா, கண்ணெல்லாம் செவந்து கீது, நீங்களும் பாலிஷ் போட்டீங்களா?" என்றாள். ரோஸி அவளிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டாள்.

ஞானம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பயப்படாதீர்கள், திட்டவில்லை. பூசைக்குப் போகும்போது உங்கள் பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். பாலிஷ் வாசனை பழகட்டும்.

சில சந்தேகங்கள். தாளிக்கும் நெடி துளை வழியாக உங்கள் மேல் வரும். தும்முவீர்கள். மிளகாய் வறுக்கும்போது எழுந்து ஓடக் கூடாது. கேட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க முடியாது என்று கன்னியப்பனிடம் நீங்கள்தானே சொன்னீர்கள்? இன்னொன்று. சாமியார் பக்கம் முன்கட்டு என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். சமையல்கட்டுதான் சாமியார் பக்கம். நாற்காலி உங்களுக்கே இருக்கட்டும். பாவத்துக்கு அபராதம் விதிப்பது நான்.

"உம்" என்று மட்டும் சொன்னால் கரண்டியால் பலகையைத் தட்டுவேன். பாலிஷ் போனால் நீங்கள்தான் மறுபடி போட வேண்டும்.

மாப்பிள்ளையிடம், மனுவில் எங்கள் பெயர் வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. ரோஸி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கோடை விடுமுறைக்கு அவர்கள் அங்கே வரட்டும். கூடுதல் அறைக்கு ரத்னாவின் மாமியார் வந்து தையல் மிஷின் போடலாமா என்று இப்போதே கேட்கிறார்.

ரத்னா வீட்டில் இன்னும் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. ராத்திரி பகலாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறோம். நம் சமையல்கட்டு வாசல் எவ்வளவு அகலம்? சரியாக அளந்து எழுதுங்கள். உத்தேசமாக வேண்டாம், உதாரணமும் வேண்டாம்.

கறுப்புப் பெட்டையிடம் சொல்லுங்கள்.

லூர்தம்மாள்

*

வடக்குப்பட்டு
6-11-1976

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

வாசலின் இந்தக் கட்டையிலிருந்து அந்தக் கட்டைவரை நூலைப் பிடித்து வெட்டி, கடிதத்துக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு முனையைக் கன்னியப்பன் பிடித்தார்.

திரையின் அடி தரையிலிருந்து கொஞ்சம் உயரமாகவே இருக்கட்டும். கோழி உள்ளே வர வேண்டும்.

கிறிஸ்துதாஸ்