அசைவு தெரிகிறது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. மதியம் என் போனில் கேமராவிலிருந்து 'குடோனில் அசைவு தெரிகிறது' என்று வந்தது. திறந்து பார்த்தேன். பெயிண்ட் டிரம்களுக்கு நடுவே ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். விடாமல் அடித்தும் நீ எடுக்கவில்லை. அந்தப் படத்தை வியாபாரிகள் குரூப்பில் போட்டு, 'எங்கள் குடோனில் திருடன், பக்கத்தில் இருப்பவர்கள் ஓடுங்கள்' என்று எழுதினேன். ஆணிக்கடைக்காரர் ஷட்டர் கம்பியோடு ஓடினார். தோளில் ஒரு அடி போட்டு, சட்டையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்த பிறகுதான் அது நீ என்று தெரிந்தது.

முகத்தை நான் பார்க்கவில்லை. அசைவைத்தான் பார்த்தேன். என் இடத்தில் எந்த வியாபாரி இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். நீ போனை எடுத்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்.

நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து கலர் மெஷினுக்கு ஆள் இல்லை. நேற்று ஒரு காண்ட்ராக்டர் வந்து, "போன தடவை உங்க தம்பி கலக்கின அந்த லேசான பச்சைதான் வேணும்" என்றார். நானே கலக்கிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குன்னா இது சரிம்மா. நான் கேட்டது வீட்டு ஹாலுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ நம்பரை மாற்றிவிட்டதாக உன் வீட்டுக்காரி சொன்னாள். முகவரி கொடுத்ததும் அவள்தான். கேட்டவுடன் கொடுக்கவில்லை. கோபம் தீர்ந்ததும் கிளம்பி வா. கடிதம் எழுதும் பழக்கம் விட்டுப்போய் விரல் வலிக்கிறது.

உன் அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம். தோள் வீக்கம் குறைந்திருக்கிறது.

தாங்கள் கேட்டதற்குப் பதில். போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் குடோனுக்குப் போனேன். மறதியில்லை. ஞாயிறு தவறாமல் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

கடையில் நான் குனிந்தால் நிமிர்ந்தால் கூரையில் மாட்டிய கேமராவிலிருந்து தங்கள் குரல் வரும். "டப்பாவ ஏன்டா தரையில வச்ச? அந்தம்மாவுக்கு ஷேடு கார்டு காட்டினியா?" வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு பெரியவர் என்னிடம், "மேல யாருப்பா குடியிருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் போனால் செய்தி. படித்ததற்கு நீலக் குறி விழுந்த மறு நொடி, "பாத்துட்டல்ல, பதில் எங்க?" என்று இன்னொன்று. குளிக்கும்போது சோப்புப் பெட்டி இருக்கும் தட்டில் போனை வைத்துக்கொண்டு குளிக்கிற ஆள் நம் தெருவில் நான் ஒருவன்தான் இருப்பேன். சோறு இறங்குவதில்லை. தூக்கத்தில் 'இதோ அக்கா' என்று எழுந்து உட்காருகிறேனாம்.

குடோனில் கேமரா இல்லை என்று நினைத்திருந்தேன். வைத்ததைத் தாங்கள் சொல்லவில்லை. அங்கே நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படம் என் மனைவி வேலை செய்யும் தையல் யூனிட் வரைக்கும் போயிருக்கிறது. "இந்தத் திருடன் போட்டிருக்குற சட்டை உன் வீட்டுக்காரர் சட்டை மாதிரியே இருக்கே" என்று பக்கத்து மெஷின்காரி காட்டியிருக்கிறாள். அந்தச் சட்டையைத் தைத்தவளே என் மனைவிதான். மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாளாம்.

இங்கே ஒரு மொத்த வியாபாரி கலர் மெஷினுக்கு ஆள் தேடுகிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

'தங்கள்', 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். வக்கீல் நோட்டீஸைப் பிரித்த மாதிரி இருந்தது. நல்ல கெட்ட வார்த்தையாக நாலு எழுதியிருந்தால் தேவலை.

உன் கடிதத்தைப் பாதி படித்திருப்பேன், போன் அதிர்ந்தது. கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தேன். கடை வாசலில் நாய் ஒன்று படுத்த இடத்தில் புரண்டிருக்கிறது. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் உன் வீட்டுக்காரி சட்டை விஷயத்தைப் படித்தேன். அப்போதுதான் எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ போவதற்கு முன்பே, பில் போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்து, கை விறைத்து, இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, "இதயத்துல ஒரு குறையும் இல்லம்மா. இது பதற்றம். அந்தப் போனோட சத்தத்த நிறுத்தி வைங்க மொதல்ல" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மடியில் அது அதிர்ந்தது. நான் குனிந்து பார்த்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சத்தத்தை நிறுத்திப் பார்த்தேன். நிலைமை மோசமானது. சத்தம் இருந்தவரை, அது வராதபோதாவது நிம்மதி. இப்போது எந்நேரமும் ஏதாவது வந்திருக்குமோ என்று எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். போன் மேசைமேல் கிடக்கிறது, இடுப்பில் அதிர்கிறது.

வெளிப்படையாகச் சொல்கிறேன். உன்மேல் சந்தேகப்பட்டு கேமரா வைக்கவில்லை. கையில் ஒரு பையில் பிரஷ் வைத்து வீடு வீடாக விற்று எழுப்பின கடை. நான் திரும்பிப் பார்க்காத நேரத்தில் அது இல்லாமல் போய்விடும் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். ஆனால் குடோனில் வைத்ததை வேண்டுமென்றேதான் மறைத்தேன். சொன்னால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும்.

குரூப்பில், 'அது என் தம்பி, திருடன் இல்லை, தவறு என்னுடையது' என்று போட்டேன். போட்டுவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? யார் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு அந்தப் போன்தான் வேண்டியிருக்கிறது.

உனக்கு என்ன வேண்டும் என்று சொல். பேசி முடிப்போம்.

உன் அக்கா


மார்ச் 19

அக்கா,

நெஞ்சு அடித்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் பேனா எடுத்தேன். நம்பரை மாற்றினவன் அதைக் கேட்கக்கூடாது.

நீ கேட்டதால் எழுதுகிறேன். குரூப்பில் போட்டது போதாது. அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கை கூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். நம் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி, வாயால் சொல். போனை எடுத்துக்கொண்டு போகாதே. என் மனைவியிடமும் நேரில் சொல்.

குடோன் கேமரா கழற்றப்பட வேண்டும். கூரையிலிருந்து குரல் வரக்கூடாது. ஷட்டர் இறங்கிய பிறகு செய்தி கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருக்கிறேன் என்று தேடக்கூடாது.

இதெல்லாம் உனக்கு முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முடியாதென்றால் முடியாது என்றே எழுது. முப்பதாம் தேதி இங்கே சரி என்று சொல்லிவிடுகிறேன். மிரட்டுவதாக நினைக்காதே. பேரம் பேச நீதான் கற்றுக்கொடுத்தாய்.

மாத்திரை ஏதாவது கொடுத்தாரா டாக்டர்? கொடுத்திருந்தால் ஒழுங்காகப் போடு.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

போனை உன் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுத்தான் கடை கடையாகப் போனேன். தையல் யூனிட் வாசலில் அவளைக் கூப்பிட்டு, "உன் புருஷன திருடன்னு ஊருக்குச் சொன்னது நான்தான். தப்பு" என்றேன். பக்கத்து மெஷின்காரியும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். உன் வீட்டுக்காரி என் போனை வாங்கி வெட்டின துணிக் குவியலுக்கு அடியில் செருகிவிட்டு, "போயிட்டு வாங்க அண்ணி. இது இங்கயே கெடக்கும்" என்றாள்.

தெருவில் இறங்கினதும் கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்தது. முதல் கடை ஏறுவதற்குள் வேர்த்துவிட்டது. கண்ணாடிக்கடை, குழாய்க்கடை, பாத்திரக்கடை எல்லாவற்றிலும் சொன்னேன். ஆணிக்கடையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, நீங்க சொன்னீங்கன்னுதான் அடிச்சேன். அப்பறம் ரெண்டு நாள் இந்தக் கையால சாப்பிடவே பிடிக்கல. அவன் வந்தா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?" என்றார். "மூஞ்சி இருக்கற எடத்துலயே இருக்கட்டும். அவன் வந்தா டீ வாங்கிக் குடுங்க" என்றேன்.

போனைத் திரும்ப வாங்கியபோது, ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலைக்காக ஒருவர் ஏழெட்டுத் தடவை கூப்பிட்டிருந்தார். நான் எடுக்காததால் வேறு கடைக்குப் போய்விட்டார். பெரிய வேலை. வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நெஞ்சு அடிக்கவில்லை. கடையும் அதே இடத்தில்தான் இருந்தது.

மாத்திரை கொடுத்தார். போடுகிறேன்.

நீ கேட்டதில் ஒன்றில் மட்டும் எனக்கு விட்டுக்கொடு. ஷட்டர் இறங்கியதும் பட்டென்று நிறுத்த என்னால் ஆகாது. வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு செய்தி அனுப்புவேன். நீ படிக்கவும் வேண்டாம், பதில் போடவும் வேண்டாம். காலையில் பார்த்தால் போதும்.

மற்றபடி பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள். கடைக் கேமரா வாசலைப் பார்க்கும், உன்னைப் பார்க்காது. அதில் பேசுகிற வசதியை அடைத்தாகிவிட்டது. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் எழுந்து வந்து சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தீப்பிடித்தால்கூட உனக்குப் போன் வராது, ஆள்தான் வருவான். குடோன் கேமராவை நானே ஏணி போட்டுக் கழற்றினேன். சுவரில் இரண்டு ஓட்டை இருக்கிறது. வந்து பட்டி வைத்து அடைத்துக்கொள். குடோனுக்கு இனி ஒரே சாவி. அது இந்த உறைக்குள் இருக்கிறது. எனக்கு உள்ளே வரவேண்டியிருந்தால் கதவைத் தட்டுவேன். நீ திறக்கும்வரை வெளியே நிற்பேன்.

உன் அக்கா